வானமாமலை சொன்ன மூன்று நாள்

ஜூன் 3, புதன்

இதையெல்லாம் நான் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. தை மாசமே சொன்னேன். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் நாற்பது பேர் கேட்க, "மேலேருந்து ஒரு சாமான் வருது, பாத்துக்கிடுங்க" என்று சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்குப் பேப்பரில் நாலு பத்தி போட்டிருக்கிறான். சிரித்தவர்கள் பெயரைப் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. ஐந்து மாசமாகச் சும்மா கிடந்தது. பின்னால் யாரும் "வெயிலுமுத்து அப்படிச் சொல்லவே இல்லை" என்று பேச்சை மாற்றக்கூடாது. அதற்கு அத்தாட்சியாக இன்றிலிருந்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு தாண்டியவன். ஒன்பதாம் வகுப்புக்குப் புத்தகம்கூட வாங்கியாயிற்று. பள்ளிக்கூடம்தான் அதற்குமேல் என்னைத் தாங்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறேன். என் குரல் சிவகிரி வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்டிருக்கிறது.

விஷயம் இதுதான். சிறுகோள் என்று ஒரு கல். ஆகாயத்தில் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருப்பது. வருகிற 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4.40க்குப் பூமிக்குப் பக்கமாகக் கடக்கிறதாம். தொண்ணூறு மீட்டர் நீளம். நிலாவுக்கும் அந்தாண்டை போவதால் ஆபத்து எதுவும் இல்லை என்று கடைசி வரியில் போட்டிருக்கிறான். பீர்மைதீன் பாய் டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பது எப்போதும் நான்தான். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணாச்சி, தொண்ணூறு மீட்டர்னா எம்புட்டு இருக்கும்?" என்று பாய் கேட்டார்.

"நம்ம கோயில் தேரு இருக்குல்லா பாய், அது மாதிரி அஞ்சு தேரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும். அம்புட்டு."

டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

ஜூன் 4, வியாழன்

மார்க்கெட்டில் இன்று பழத்தைவிடக் கல்லுக்குத்தான் கிராக்கி. ஏலம் முடிந்ததும் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். மலையாளத்துக்குப் பழம் ஏற்ற வந்த லாரிக்குப் பின்னால் நிழலில் நின்று விளக்கினேன். பூமியை ஒரு எலுமிச்சம்பழமாக வைத்துக்கொள். கல் அதன்மேல் மொய்க்கிற ஈ. ஆனால் அந்த ஈ துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வருகிறது. பழம் என்னாகும்? ஒரு பழத்தைக் கீழே போட்டு மிதித்துக் காட்டினேன். சாறு ஒருவர் வேட்டியில் தெறித்தது. அவர் கோபப்படவில்லை, அவ்வளவு பயம். கல்லின் அளவு நம் ஊர் அளவு என்று சொன்னேன். ஒரு பேச்சுக்கு.

பீர்மைதீன் பாய் டீ கொண்டுவந்தவர் நின்று கேட்டுவிட்டு, "நேத்து அஞ்சு தேரு. இன்னைக்கு ஊரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கல்லு பூமியவிடப் பெருசாயிரும் போலிருக்கே! உமக்கு இதெல்லாம் யாருவே சொல்லுதா?" என்றார்.

அப்போதுதான் டாக்டர் வானமாமலையைப் பற்றிச் சொன்னேன். அவரைப் பற்றி இதுவரைக்கும் நான் யாரிடமும் வாய்திறந்ததில்லை. மலைமேல் பெரிய தூரநோக்கி வைத்து ஆகாயத்தைப் பார்க்கிற விஞ்ஞானி. தூரநோக்கி நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி பருமன். செங்கோட்டை ரயிலில் எனக்கு எதிர்சீட்டு. நான் பேசுகிற பேச்சைக் கேட்டு அசந்துபோய் நம்பர் வாங்கிக்கொண்டார். ஒல்லியான மனுஷன்.

"வானத்தப் பாக்கிற ஆளுக்கு வானமாமலைன்னு பேரா? பெத்தவங்க யோசிச்சுத்தான் வச்சிருக்காக," என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நம்பினார்கள்.

ஜூன் 5, வெள்ளி

நான் தனிக்கட்டை. சாப்பாடு எதிர்த்த வீட்டில், தங்கை சங்கரவடிவிடம். மைத்துனர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. அவள் மகள் ஆவுடைக்கு இப்போது எட்டு மாசம், தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து இங்கே வந்திருக்கிறாள். மாப்பிள்ளை சுடலைமணி கோட்டயத்துக்கு லாரி ஓட்டுகிறான்.

காலையில் நர்ஸம்மா ஜெபராணி வந்து ஆவுடையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கொஞ்சம் பிரஷர் இருக்கிறதாம், கால் வீங்கியிருக்கிறதாம். 10ஆம் தேதி புதன்கிழமை தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்குக் கட்டாயம் போகவேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மத்தியானம் சங்கரவடிவு சோறு போட்டாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணே, அந்தக் கல்லு கடக்கையில ஆவுடை வெளிய வரலாமா?"

கிரகணம் என்றால் கர்ப்பிணியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது எங்கள் வீட்டு வழக்கம். ஆகாயத்து வெளிச்சம் மேலே படக்கூடாது. அரிவாள்மணையைத் தொடக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பார்கள். இது கிரகணம் இல்லை, கல் தன் பாட்டில் போகப்போகிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு நின்ற விதம் ஒரு மாதிரி இருந்தது. சங்கரவடிவு ஒன்று கேட்டு, நான் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

"கேட்டுச் சொல்லுதேன் தாயி," என்றேன்.

சாயங்காலம் டாக்டர் வானமாமலை பேசினார். என் போனில் காசு இல்லாததால் அவரே கூப்பிட்டார். கனத்த குரல். "வெயிலுமுத்து, சாதாரண கிரகணத்துக்கு மூணு மணி நேரம். இதுக்கு மூணு நாள். புதன், வியாழன், வெள்ளி. வெள்ளி அஞ்சு மணி வரைக்கும் கர்ப்பிணி வாசப்படி தாண்டக்கூடாது" என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். போய்ச் சொன்னேன். சங்கரவடிவுக்கு முகம் தெளிந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு இரண்டாம் தடவை சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

ஜூன் 7, ஞாயிறு

ஆவுடையின் அறை ஜன்னல்களுக்குப் பழைய பேப்பர் ஒட்டினோம். மைதா பசை நான்தான் காய்ச்சினேன். இந்த ஊரில் என் அளவுக்குப் பசை காய்ச்சத் தெரிந்தவன் கிடையாது. கொஞ்சம் தீய்ந்துவிட்டது. வெளியே சாரல் காற்று தொடங்கிவிட்டது. குளுகுளுவென்று வீசுகிற காற்றை அடைப்பதற்கு மனசில்லைதான்.

ஆவுடை கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பி.காம். படித்த பிள்ளை. வாய் அதிகம்.

"மாமா, கல்லு எங்க போவுது?"

"நிலாவுக்கு அந்தப் பக்கம்."

"நான் எங்க இருக்கேன்?"

"புளியங்குடியில."

"நடுவுல எம்புட்டுத் தூரம் இருக்கு! அதுக்கு நம்ம வீட்டு ஜன்னல் எதுன்னு தெரியுமாக்கும்?"

"பெரியவங்க சொன்னா கேக்கணும் பிள்ள. டாக்டர் வானமாமலையே சொல்லுதாரு."

"அந்த மனுசன் பொம்பளைக்குப் பிரசவம் பாக்கிற டாக்டரா, இல்ல கல்லுக்குப் பிரசவம் பாக்கிற டாக்டரா?"

நான் சிரித்துவிட்டேன். சங்கரவடிவு சிரிக்கவில்லை. "வாய மூடுடீ" என்று ஒரே வார்த்தை. ஆவுடை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். விரல் வீங்கியிருந்ததால் வரவில்லை. சோப்புப் போட்டுக் கழற்றினோம்.

ஜூன் 8, திங்கள்

சாரல். பழம் வரத்து குறைவு. ஆவுடைக்கு முகமும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. சதை போட்டிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஜூன் 9, செவ்வாய்

மார்க்கெட்டில் இரண்டு பேர் வெள்ளிக்கிழமை பழம் பறிக்கவேண்டாம் என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிவிட்டார்களாம். மேலத்தெருவில் ஒரு கல்யாணப் பேச்சையே அடுத்த வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். எல்லாம் என் வாக்கு. பீர்மைதீன் பாய் மட்டும், "வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் பஜ்ஜி போடுவேன். கல்லு விழுந்தா எண்ணெயில விழட்டும்" என்கிறார்.

சாயங்காலம் ஜெபராணி போன் செய்தாள். நாளைக் காலை ஏழு மணிக்கு தென்காசி கிளம்பணும், அட்டையை மறக்காதீர்கள் என்று. சங்கரவடிவு, "இல்ல நர்ஸம்மா, வெள்ளி கழிச்சு சனிக்கிழம வாரோம்" என்றாள். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. சங்கரவடிவு பதறவே இல்லை. "எங்கண்ணன் பெரிய டாக்டர்ட்ட கேட்டாச்சு" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் 10ஆம் தேதியும் புதன்கிழமையும் ஒன்று என்பது உறைத்தது. நாலு நாள் முன்னாலேயே தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தது என்றும் சொல்லலாம். வாயில் வந்துவிட்ட மூன்று நாளை இரண்டு நாளாக்குவது எப்படி? ஏலத்தில் ஒரு தடவை கூவினது கூவினதுதான். திரும்ப எடுத்தால் மறுநாள் எவனும் என் குரலுக்குக் கை தூக்கமாட்டான்.

மூன்று நாள் என்ன மூன்று வருஷமா. ஒன்றும் ஆகாது.

அந்த வார்த்தையை எழுதியிருக்கக்கூடாது.

ஜூன் 10, புதன்

அறைக்குள் இருட்டு. பகல் பதினொரு மணிக்கு லைட்டுப் போட்டிருக்கிறது. அரிவாள்மணை, கத்தி, ஊசி எல்லாம் என் வீட்டுக்கு மாற்றியாயிற்று. நறுக்காமல் சமைக்கவேண்டும் என்று முழுக் கத்தரிக்காயைக் குழம்பில் போட்டிருந்தாள்.

ஜெபராணி பத்தரை மணிக்கு ஸ்கூட்டரில் நேரே வந்துவிட்டாள். பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நர்சுகளின் முகத்தில் ஒன்றும் தெரியாது என்பார்கள். தெரிந்தது.

"நூத்தம்பதுக்கு நூறு இருக்கு. இப்பவே கிளம்புங்க."

"வெள்ளி அஞ்சு மணிக்கு மேல," என்றாள் சங்கரவடிவு.

"அக்கா, இது கால் வீக்கம் மட்டும் இல்ல. கூடுச்சுன்னா வலிப்பு வரும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

"எனக்குத் தெரியும் ஆபத்து என்னன்னு."

சங்கரவடிவு இதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஜெபராணி மாத்திரை கொடுத்துவிட்டு என்னை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னா அக்கா கேப்பாகளாம். ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் சொல்றதுல்ல நர்ஸம்மா. மேல இருந்து வந்த உத்தரவு."

"சரி, அந்த டாக்டர் நம்பரத் தாங்க. நான் பேசுதேன்."

"அது அரசாங்க ரகசியம்."

"தலவலி வந்தாலும், கண்ணு மங்குனாலும், எந்த நேரம்னாலும் எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லி, நம்பரை ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப்பையில் அவளே திணித்துவிட்டுப் போனாள்.

இரண்டு தடவை தங்கையிடம் பேசப் போனேன். ஒரு தடவை வெற்றிலை கேட்டுவிட்டு வந்தேன். இன்னொரு தடவை அதுகூடக் கேட்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

தென்காசி பெரியாஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மஞ்சப்பையில் டைரியும் கூடவே வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு இளநீர் கொண்டுபோனேன். ஆவுடை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். விடியற்காலையிலிருந்து மண்டை பிளக்கிறதாம். இரண்டு தடவை வாந்தி.

"மாமா, ஜன்னலத் திறந்தீங்களா?"

"இல்ல பிள்ள."

"பெறகு ஏன் இம்புட்டு வெளிச்சம்? மினுக்கு மினுக்குன்னு வருது. கண்ண மூடுனாலும் போவமாட்டேங்குது. நட்சத்திரமா உதுருது மாமா."

அறையில் சாண் அகலத்துக்குக்கூட வெளிச்சம் இல்லை. லைட்டையும் அணைத்திருந்தார்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கல் பக்கத்தில் வந்துவிட்டது, நிறைமாசக்காரிக்கு மட்டும் அது தெரியும் என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். விரலெல்லாம் ஊதி, வேறு யாரோ பிடித்த மாதிரி இருந்தது.

"நாளைக்கு நாலு நாப்பது வரைக்கும் நான் இருப்பனா மாமா?"

வாய் அதிகமான பிள்ளை. கிண்டல் பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

கொல்லைக்குப் போய் ஜெபராணிக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். திருப்பிக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "நூத்தியெட்டு வண்டியச் சொல்லிட்டு நானும் வாரேன். வெளிய கொண்டுவாறது உங்க பொறுப்பு" என்றாள். அதற்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றேன். அப்போது டாக்டர் வானமாமலை பேசினார். கீச்சுக் குரலில் வேகமாகப் பேசினார். கல் எதிர்பாராமல் திரும்பிவிட்டது, ஒரு நாள் முன்னதாகவே ஆபத்து நீங்கிவிட்டது, கர்ப்பிணிகள் தாராளமாக வெளியே வரலாம் என்றார்.

உள்ளே ஓடிப்போய் ஏலம் கூவுகிற குரலில் சொன்னேன். சங்கரவடிவு அறை வாசலில் நின்றாள். நகரவில்லை. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல நாளைக்குன்னுல்லா போட்டிருக்கு?"

"பேப்பர்க்காரனுக்கு என்ன தெரியும்? திரும்பிட்டுது. ஒண்ணும் ஆகாது தாயி, வா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டுவிட்டது.

"அண்ணே, முப்பது வருசமா நான் ஒண்ணு கேக்கல உங்கிட்ட. அன்னைக்கு நீதான வாசல்ல நின்னு, எக்ஸ்ரே பிலிமக் கையில வச்சிக்கிட்டு, 'சூரியன் பிறை மாதிரி இருக்கு, ஒண்ணும் ஆகாது தாயி, வா'ன்னு கூப்பிட்ட?"

"ஆமா."

"நான் வயித்தப் பிடிச்சிக்கிட்டு வந்தேன். நீ கூப்பிட்டன்னு வந்தேன்."

"ஆமா தாயி."

ஆவுடைக்கு முன்னால் ஒரு பையன். உதடு மூக்கு வரைக்கும் பிளந்து பிறந்தான். பால் உறிஞ்ச முடியாமல் நாற்பத்தொரு நாள் இருந்தான். கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அப்போதே டாக்டரம்மா சொன்னாள். நான் அதை நம்பினேன். ஆள் நடமாட்டம் இருக்கிறபோது நம்புவேன்.

"இப்பவும் ஒண்ணும் ஆகாதுங்கிற," என்றாள் சங்கரவடிவு. "அப்பம் இந்தப் பிள்ள மேல சத்தியம் பண்ணு. அந்த டாக்டர் நெசமாவே சொன்னாரா?"

வழிவிட்டாள். உள்ளே போய் ஆவுடையின் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே பிள்ளை லேசாகப் புரண்டது. என் வலது உள்ளங்கைக்கு அடியில்.

"சொன்னாரு," என்றேன்.

சங்கரவடிவு நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

வண்டியில் ஜெபராணியும் ஏறிக்கொண்டாள். கடையநல்லூர் தாண்டுகையில் ஆவுடைக்கு வலிப்பு வந்தது. நான் முன்சீட்டில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் மேலே சுற்றுகிற விளக்கு, ஓரத்துக் கடைக் கண்ணாடிகளிலெல்லாம் மினுக்கு மினுக்கென்று ஓடிவந்தது.

ஆறே கால்: ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். பையன். எடை ஒரு கிலோ அறுநூறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஆவுடைக்கு இன்னும் நினைவு வரவில்லை. உதடு எப்படி இருக்கிறது என்று சங்கரவடிவு முதலில் கேட்டாளாம். உதட்டுக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 12, வெள்ளி

4.40. கல் கடந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நூறு பேர் நின்றார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஆவுடை கண் விழித்தாள். ஆனால் கண் தெரியவில்லை. சுடலைமணி அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான், இமைக்கவில்லை. "யாரு, மாமாவா?" என்று என் குரலைக் கேட்டுத்தான் சொன்னாள். பிரஷர் மூளைக்குப் போனதால் இப்படி, திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர். கோபமில்லாமல்தான் சொன்னார்: "புதன்கிழம வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

சுடலைமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க மட்டும் அன்னைக்குப் போன் பேசி விசாரிக்கலன்னா அவ இல்ல மாமா." வார்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள். ஒரு அம்மாள் தன் மகளுக்கு நாள் பார்த்துச் சொல்லச் சொன்னாள். முன்பெல்லாம் இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் ஒரு மணி நேரம் பேசுவேன். வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 15, திங்கள்

பையன் எடை ஒன்று ஐநூற்று ஐம்பது. குறைந்திருக்கிறது. மூச்சு நின்று நின்று வருகிறதாம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நெஞ்சு எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், மிகைப்படுத்தவில்லை. அவன்மேல்தான் நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

ஜூன் 16, செவ்வாய்

பீர்மைதீன் பாய் பஸ் ஏறி வந்திருந்தார். தூக்குவாளியில் கஞ்சி. ஊரில் எல்லோரும் என்னைத்தான் பேசுகிறார்களாம். கல் கடைசி நேரத்தில் திரும்பியதும், நான் கேட்டுச் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றியதும். பேப்பரில் கல் திரும்பியதாக ஒரு வரிகூட இல்லை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன தூரத்தில் போய்விட்டதாம். அதை அவர் கடையில் சத்தமாக வாசிக்கவில்லை என்றார்.

"ஏன் பாய்?"

"தொண்ட கட்டியிருந்துச்சு அண்ணாச்சி."

மூடியில் கஞ்சியை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

ஜெபராணி மத்தியானம் வந்தாள். ஆவுடையைப் பார்த்துவிட்டுப் போகிறபோது என் பக்கத்தில் நின்றாள்.

"வியாழக்கிழம உங்களுக்குப் போன் வந்தது நல்லதாப்போச்சு அண்ணாச்சி."

"ஆமா நர்ஸம்மா."

"முதல் போன் வராமலே இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூன் 17, புதன்

ஆவுடைக்கு வெளிச்சம் தெரிகிறது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று கை காட்டினாள். சங்கரவடிவு உடனே போய் ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டாள். பையன் எடை பதினைந்து கிராம் கூடியிருக்கிறது.

சாயங்காலம் எல்லோரும் ஆவுடை கட்டிலைச் சுற்றி இருக்கையில் சங்கரவடிவு சொன்னாள்.

"பேரு முடிவு பண்ணியாச்சு. வானமாமலை."

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மனுசன் போன் போடலன்னா இவன் ஏது? கண்ணாடிப் பெட்டியிலருந்து எடுக்கிற அன்னைக்கு அவருக்கு ஒரு போன் போட்டுக் குடு அண்ணே. நானே பேசணும். பிள்ள சத்தத்தக் கேக்க வைக்கணும்."

"ரகசிய நம்பர்லா தாயி..."

ஆவுடை படுத்தபடி சிரித்தாள். எத்தனை நாள் கழித்து. "மாமாட்ட எல்லாம் டைரியில இருக்கும்மா. தேதி போட்டு எழுதுதாகளே. மாமா, எனக்குக் கண்ணு சரியானதும் மொதல்ல அதத்தான் வாசிக்கப் போறேன். எனக்கு நெனவு இல்லாதப்ப என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியலல்லா. நாளைக்கே குடுங்க, அதுவரைக்கும் இவுக வாசிச்சுச் சொல்லட்டும்."

"அதுக்குத்தான எழுதுதேன்," என்றேன். உண்மைதான். அத்தாட்சிக்காகத்தான் தொடங்கினேன்.

ஜூன் 18, வியாழன்

விடிந்ததிலிருந்து மரத்தடியில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து படித்தேன். சில பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். உரக்கடை டைரி, ஒன்றைக் கிழித்தால் அதன் எதிர்ப்பக்கமும் கழன்று வருகிறது. அப்படியே கொடுக்கிறேன்.

பையனைக் காலையில் பார்த்தேன். கையைத் தூக்கினான். ஒரு பொய்யின்மேல் என்னை வைத்துவிட்டாயே என்று அவன் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். அவன் மூச்சு நின்று நின்று வருவது என் சத்தியத்தால் அல்ல, எடை குறைவால் என்று டாக்டர் சொல்கிறார். ஆள் நடமாட்டம் இருக்கிறபோது நம்புகிறேன்.

ஆவுடை, சுடலைமணியின் வாயால் இதைக் கேட்கிறாய் என்றால், உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். கல் உண்மை. அது வந்ததும் கடந்ததும் உண்மை. தை மாசம் நான் சொன்னதும் ஓரளவு உண்மை. நாற்பது பேர் இல்லை, ஏழெட்டுப் பேர். உன் கண்ணில் உதிர்ந்தது நட்சத்திரம் இல்லை, பிரஷர். ஜெபராணி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

டாக்டர் வானமாமலை என்று ஒருவர் இல்லை. மார்க்கெட்டில் பழம் ஏற்ற நின்ற லாரியின் முதுகில் எழுதியிருந்த பெயர் அது. போன் ஒரு தடவையும் வரவில்லை. மூன்று நாள் என்று சொன்னது நான். பிள்ளைக்கு வேறு பெயர் வையுங்கள்.